கன்ரரின் உள்லைட்

ஜூன் பிறந்துவிட்டால் சிட்னியின் பெண்டில் ஹில்லில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஃபிளெமிங்டன் சந்தையில் விடிய முன்னர் ஏற்றிய மரக்கறிப் பெட்டிகளைக் கடை கடையாக இறக்கி முடித்துவிட்டு, யோகராசா வென்ற்வேத்வில் பேக்கரி வாசலில் லொறியை நிறுத்தி மகளுக்காகக் காத்திருப்பார். கஜந்தி தலைவலையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வருவாள். பற்றிஸ் பொரித்த எண்ணெய் அவளுடைய மேல்சட்டையில் மணக்கும். முன்பக்கத்தில் மூன்று பேர் இருக்கலாம். யன்னலோர இருக்கை வெறுமையாகக் கிடந்தாலும் அவள் நடு இருக்கையில்தான் உட்காருவாள். இருபத்துநாலு வயதுப் பெண் தகப்பனின் கியரில் முழங்கால் இடிபட ஏன் அப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று மழை. அந்த லொறி மிட்சுபிஷி ஃபூசோ கன்ரர், வெள்ளை நிறம், பின்னால் பெட்டி கட்டியது. யோகராசாவுடையது அல்ல, கெல்லிவில்லில் இருக்கும் சடகோபனுடையது. பின்னால் வெறும் பெட்டிகள் கடகடத்தன. கஜந்தி மடியில் வைத்திருந்த பொதியிலிருந்து ஒரு றோல்ஸைப் பிய்த்துத் தகப்பனின் வாயருகே நீட்டினாள். அவர் ஒரு கடி கடித்தார். வளைவைத் தாண்டியதும் இருட்டுக்குள் ஒரு சிவப்பு ஒளிக்கட்டை மேலும் கீழும் ஆடியது. அதற்குப் பின்னால் ஒரு சீருடை.

யோகராசாவின் வலது கை ஹெட்லைட்டை அணைத்தது. அதே கணத்தில் கஜந்தியின் கை மேலே போய் உள்லைட்டைப் போட்டது. இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. முன்கண்ணாடியில் அவர்கள் இருவருடைய முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தபோது ஈரத் தெருவில் லொறி சற்று வழுக்கியது. ஏதோ மோதிய சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு முட்டைக்கோவா மூட்டை விழுந்தது போலத்தான் கேட்டது.

பொலிஸ்காரர்கள் ஓடி வருவதற்குள் யோகராசா இறங்கி, இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்து, மழைத் தண்ணீரில் முழங்காலில் நின்றார். அப்படி நிற்கும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கஜந்தி தன் மேல்சட்டையைக் கழற்றி, விழுந்து கிடந்த பெண் பொலிஸின் தலைக்குக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணுக்கும் ஏறக்குறைய அவளுடைய வயதுதான். முழங்கால் சிரட்டை உடைந்திருந்தது.

ஊதச் சொன்னார்கள். ஊதினார். குடி இல்லை. "ஏன் லைட்டை அணைத்தாய்?" என்று கேட்டார்கள்.

"ஐ டோன்ட் நோ," என்றார் யோகராசா.

அதற்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் அவர் அந்த ஒரு பதிலைத்தான் சொன்னார். அபாயகரமாக ஓட்டிக் காயப்படுத்தியது ஒரு குற்றம். பொலிஸ் சோதனைக்குத் தப்புவதற்காக லைட்டை அணைத்தது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டும் பதிவாகின. அவரும் குடும்பமும் படகில் வந்து பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகப் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவர்கள். அந்த விசாவில் இருப்பவன் தண்டனை பெற்று மறியலில் அடைபட்டால், மறியலிலிருந்து வீட்டுக்கு வருவதில்லை. வில்லவூட் தடுப்பு முகாமுக்குப் போவான். அங்கிருந்து விமானத்துக்கு.

ஆகஸ்டில் வழக்குக்குத் தவணை போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யோகராசாவின் மனைவி கமலேஸ்வரி விடியவே முழுகி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். குசினிக்குள் வந்து விபூதிப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். அங்கே விஜிதரன் துருவுபலகையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். அவன் பின்னறையில் வாடகைக்கு இருப்பவன். இவர்கள் வந்த அதே படகில் வந்தவன்.

"என்னக்கா, முருகன் என்ன சொன்னவர்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. ஐயர்தான் கேள்வி கேட்டவர். அந்தப் பொலிஸ் பிள்ளையின்ர பேருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னன். பேர் என்ன எண்டார். மேகன் எண்டன். ஐயர் ஒருக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நட்சத்திரம் எண்டார். தெரியாதையா, வெள்ளைக்காரப் பிள்ளை எண்டன்."

"பிறகு?"

"பிறகென்ன. முருகன்ர நட்சத்திரத்திலயே செய்திட்டார். மேகன் எண்ட பேரைச் சமஸ்கிருதத்துக்குள்ள வச்சுச் சொல்லேக்க நல்லாத்தான் இருந்தது."

விஜிதரன் சிரித்தான். கமலேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடிக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். மேகனைக் கொண்டுபோன வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போகும் வெள்ளை விரிப்புகளை நாள் முழுக்க மடிப்பாள். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு விரிப்பையும் மடித்து முடித்ததும் அதன் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பக்கத்தில் நிற்கும் வியட்நாம்காரி, அவள் சூடு பார்க்கிறாள் என்று நினைத்தாள்.

யோகராசா பின்வாசல் படியில் இருந்தார். லைசன்ஸைப் பறித்த பிறகு அவருக்குப் போக இடமில்லை. தோட்டத்துக் கறிவேப்பிலையைச் சுற்றியிருந்த மண்ணைக் கிளறுவார், மறுபடி மூடுவார்.

"யோகண்ணை," என்று விஜிதரன் துருவுபலகையிலிருந்தபடியே குரல் கொடுத்தான். "நாளைக்கு லோயரிட்டைப் போறியள். அந்த லோயர் பிள்ளை துருவித் துருவிக் கேக்கும். வாயைத் திறந்திடாதையுங்கோ."

"திறக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"படகில நான் சொன்னது நினைவிருக்கோ? டிரைவர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ எண்டனான். டிரைவர் எண்டால் முதல் கேள்வி, ஆரின்ர வாகனம்? ரெண்டாம் கேள்வி, என்ன ஏத்தினனீ? அதோட கதை முடிஞ்சுது."

"ஓம், ஓம். தோட்டக் கூலி எண்டுதானே சொன்னனான். வாகனம் ஓடத் தெரியாது எண்டும் சொன்னனான்."

"அதைத்தான் சாகும்வரைக்கும் சொல்லோணும்."

கமலேஸ்வரி அரிசிப் பானையின் மூடியைத் திறந்தபடியே, திரும்பாமல் கேட்டாள். "பொய் சொல்லி வந்தனாங்கள், சரி. ஆனா லைட்டை அணைச்சது ஏனெண்டு சொல்லாட்டி, தப்பி ஓடப் பாத்தவர் எண்டு மறியலுக்கு அனுப்புவாங்கள். சொன்னால், அண்டைக்குப் பொய் சொன்னனீ எண்டு நாட்டுக்கு அனுப்புவாங்கள். எதால போனாலும் ஒரே கிடங்குக்குள்ளதானே விழுவம் தம்பி?"

 விஜிதரன் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். தேங்காய்ப்பூ முடிந்து சிரட்டைத் தூள் விழத் தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து வந்த எந்தச் சாரதிக்கும் லைட்டை அணைத்த அந்தக் கை தெரியும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இருட்டிவிட்டால் ஒரு சட்டம் இருந்தது. தூரத்தில் ரோச் லைட் ஆடினால் ஹெட்லைட்டை அணைக்க வேண்டும், உள்லைட்டைப் போட வேண்டும், மெல்ல உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஆமிக்காரன் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் முகங்கள் அவனுக்குத் தெரிய வேண்டும். யோகராசாவுக்கு முன்னால் போன சுதர்சன் என்ற சாரதி ஒருநாள் லைட்டை அணைக்கப் பிந்திவிட்டான். சுதர்சனின் லொறியைக் கயிறு கட்டி இழுத்து வந்தது யோகராசாதான். இருக்கையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்கினார். அதன்பிறகு அவருடைய கை அவரைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்யப் பழகிவிட்டது. சிட்னியில் இத்தனை வருடமாக எந்தப் பொலிஸும் அவருக்கு இருட்டில் ஒளிக்கட்டையை ஆட்டிக் காட்டியதில்லை. அதனால் கை இன்னும் மறக்கவில்லை என்பது அவருக்கே தெரியாமல் இருந்தது.

அன்று மதியம் பன்னிரண்டு மணிபோல வெள்ளைக் கன்ரர் வீட்டு வாசலில் வந்து நின்றது. சடகோபன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. யோகராசா இல்லாததால் சந்தை ஓட்டத்தை அவரே பார்க்கிறார். கெல்லிவில்லில் மாடி வீடு, ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மொத்த வியாபாரம் தொடங்கியவர்.

"என்ன யோகராசா, முதுகு போச்சுய்யா. என் சம்சாரம் வேதவல்லி தைலம் தேச்சுத் தேச்சே வீடெல்லாம் நாறுது. நீங்க சீக்கிரம் வாங்க."

"வாறன் சேர். விட்டால் வாறன்."

சடகோபன் லொறியின் முன்பக்கத்தைத் தட்டினார். ஒரு ஓரத்தில் சின்ன நெளிவு இருந்தது. அந்த இடத்தைப் பார்க்காமல் யோகராசா ரயரைப் பார்த்தார். லொறி வாங்கிய நாளில் கோயில் வாசலில் நான்கு ரயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தவர்கள் இந்த இருவரும்தான்.

கதை வேறெங்கும் போகாமலிருக்க, சடகோபன் வழக்கம்போல லொறிக் கதைக்குள் போனார். அவருக்கு அதில் பைத்தியம். எந்தக் கூட்டத்திலும் அதைப் பேசுவார். வேதவல்லி எழுந்து போய்விடுவாள்.

"இந்தக் கம்பெனி முதமுதல்ல செஞ்சது லாரியே இல்ல, தெரியுமோ? பஸ். முப்பத்திரண்டாம் வருஷம். அதுக்குத்தான் ஃபூசோன்னு பேர் வச்சாங்க. ஃபூசோன்னா செம்பருத்தி. ஜப்பானுக்கே பழைய பேர் அதுன்னும் சொல்றாங்க."

"செவ்வரத்தம்பூவோ?" என்றாள் வாசலுக்கு வந்த கமலேஸ்வரி. "இந்த இரும்புக்கோ?"

"ஆமாம்மா. அப்புறம் அறுபதுல ரோசா பஸ். அறுபத்துமூணுல கேன்டர். எங்க ஊர்ல எம்பத்தாறு வாக்குல ஐஷரோட சேர்ந்து போட்டான். எங்க மாமா ஒண்ணு வச்சிருந்தார். திண்டிவனத்துலேருந்து கோயம்பேட்டுக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஏத்துவார். இப்போ பேட்டரில ஓடற கேன்டரே வந்தாச்சு. அந்த மாமாவோட வண்டிக்கு உருண்டை லைட்…"

"இல்லை சேர்," என்றார் யோகராசா. "எண்பத்தஞ்சு மொடலுக்குப் பிறகு சதுர லைட். உருண்டை அதுக்கு முந்தினது. எண்பத்தஞ்சுக்குக் கியர் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக் கிடக்கும். ரெண்டாம் கியருக்கு மாத்தேக்க நடுவில இருக்கிற ஆளின்ர முழங்கால்…"

அவர் நிறுத்திவிட்டார். கறிவேப்பிலையில் ஒரு குருவி வந்து இருந்துவிட்டுப் போனது.

சடகோபன் முருங்கைக்காய்க் கட்டைக் கமலேஸ்வரியிடம் கொடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஓட்டவே தெரியாதுன்னு சொல்லி என்கிட்ட வேலைக்கு வந்தீங்க. இங்கதான் கத்துக்கிட்டேன்னீங்க. முதல் நாளே அந்தச் சந்துக்குள்ள ஒரே வெட்டுல ரிவர்ஸ் எடுத்தீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியும். நான் கேக்கல. இப்பவும் கேக்கல. ஆனா கோர்ட்டுல கேப்பாங்க யோகராசா. நான் வந்து நல்லவர்னு சொல்றேன். நல்லவர்ங்கறது போதாது."

"வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ சேர்," என்றாள் கமலேஸ்வரி.

அவர் சாப்பிட்டார். குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முறுக வறுத்த செத்தல்மிளகாய்.  கஜந்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்ற லொறியின் மிதிபடியில் இருந்து தனியே சாப்பிட்டாள்.

மறுநாள் பரமட்டாவில், நீதிமன்றத்துக்கு அடுத்த தெருவில் உள்ள இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குத் தகப்பனும் தாயும் மகளும் போனார்கள். சட்டத்தரணி மோனிகா தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். "அங்கிள், எனக்குப் புரியும், பேசத்தான் வராது, சாரி," என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். அதனால் அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், கஜந்தி தமிழில் சொல்லுவாள்.

அன்று மோனிகாவின் முகம் சரியில்லை. பொலிஸார் தங்கள் நெஞ்சில் மாட்டியிருக்கும் கமெராவின் படத்தை அனுப்பியிருந்தார்கள். அவள் கணினியை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

மழை. இருட்டு. இரண்டு வெளிச்சங்கள் வருகின்றன. அணைகின்றன. உடனே அந்த இருட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மஞ்சள் அறை திறந்ததுபோல லொறியின் உள்பக்கம் ஒளிர்கிறது. அதில் இரண்டு முகங்கள். மோனிகா அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"ஒளிக்க நினைக்கிறவன் உள்லைட்டைப் போட மாட்டான்," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "உங்களைக் காப்பாற்ற என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஆனால் இது ஏன் என்று நான் சொல்ல வேண்டும். இன்னொன்று…" அவள் பேனாவால் திரையைத் தொட்டாள். "இந்தக் கை அங்கிளுடையது இல்லை."

மேலே லைட்டில் இருந்த கையில் ஒரு மெல்லிய வளையல் இருந்தது.

கமலேஸ்வரி திரையைப் பார்த்தாள். பிறகு மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அரசுத் தரப்பும் இதைக் கண்டுவிட்டது. நாளைக்குக் கஜந்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். ஏன் போட்டாய் என்று சத்தியம் வாங்கிக் கேட்பார்கள்."

கஜந்தி இதைத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் யோகராசாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கியது. "பிள்ளை, ஒண்டும் கதைக்காதை," என்றார்.

"அப்பா, அவவுக்குச் சொன்னால்தானே…"

"வாயை மூடு எண்டுறன்!"

அவர் சத்தம் போட்டு வீட்டில் யாரும் கேட்டதில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கஜந்தி தகப்பனைப் பார்க்காமல் மோனிகாவைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். பாதியில் அது தமிழாக மாறியதை அவள் கவனிக்கவில்லை.

"சின்னனில அதுதான் என்ர வேலை. எனக்கு அஞ்சு, ஆறு வயசு. வெங்காயம் ஏத்திக்கொண்டு வவுனியாவுக்குப் போகேக்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நடுச் சீற்றில ஒரு தலகணி வச்சு அதுக்கு மேல இருத்துவார். தூரத்தில ரோச் ஆடினால் அப்பா முன் லைட்டை அணைப்பார், நான் எழும்பி நிண்டு உள் லைட்டைப் போடுவன். லைட் எனக்கு நேர மேல. போட்டிட்டுச் சிரிச்சுக்கொண்டு இருக்கோணும். அப்பா சொல்லித் தந்தவர். 'பிள்ளையின்ர முகம்தான் அவங்களுக்கு முதல் தெரியோணும்' எண்டு."

மோனிகா எழுதுவதை நிறுத்தினாள்.

கமலேஸ்வரி கணவனின் பக்கம் மெல்லத் திரும்பினாள். "வவுனியா பாக்க ஆசைப்பட்டு அழுகுது எண்டு சொல்லித்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

யோகராசா தரையைப் பார்த்தார்.

"ஐஸ்கிறீம் வாங்கிக் குடுக்கிறன் எண்டுதானே சொன்னனீங்கள்? நான் ரெண்டு பின்னல் போட்டு, பவுடர் பூசி அனுப்பினனான்."

"இஞ்சேர், கமலேசு…"

"பிள்ளையைக் காவலுக்கோ கொண்டு போனனீங்கள்?"

 "சுதர்சன் தனியப் போனவன்," என்றார் யோகராசா.

 பிறகு மோனிகா மிக மெதுவாகப் பேசினாள். இனித் தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். தெரிந்த பிறகு நீதவான் முன்னால் நின்று வேறு விதமாகச் சொல்லத் தன்னால் முடியாது. அவர் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். அப்படியானால் மறியலுக்கு ஆயத்தமாக வர வேண்டும். அல்லது உண்மையைச் சொல்லலாம்; அதில் மறியல் தப்பக்கூடும், ஆனால் அது அங்கே பதிவாகும், குடிவரவுக்காரர் கையில் போகும். அகதிக் கோரிக்கையில் சொன்னது பொய் என்பார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. கடைசியாகத் தன் உடைந்த தமிழில், "அங்கிள், ரெண்டும் பேட். ஐ ஆம் சோ சாரி," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கமலேஸ்வரி குசினிக்குள் போய் மா குழைத்தாள். யோகராசா வாசற்படியில் நின்றார். சூரியன் அடுத்த வீட்டுக் கூரைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏதும் சொல்லன் கமலேசு."

அவள் மாவை ஓங்கிக் குத்தினாள். "நான் அங்க அடுப்படியில இருந்து யோசிப்பன், இண்டைக்குப் பிள்ளை கடையில என்ன சட்டை பாத்திருக்கும் எண்டு."

"அவளைக் கொண்டு போன நாளில ஒருக்காலும் சுடேல்லை."

"கொண்டு போகாத நாளிலயும் உங்களைச் சுடேல்லைதானே."

 அப்படி ஒரு கணக்கை அவர் இவ்வளவு காலத்தில் ஒருமுறையும் போட்டுப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"பிறகு இயக்கம் லொறியையும் எடுத்து, என்னையும் எடுத்தது," என்றார். "காயப்பட்ட ஆக்களை ஏத்தினன். பெட்டியளும் ஏத்தினன். என்ன பெட்டி எண்டு நான் கேக்கேல்லை. அதில ஒருநாளும் பிள்ளையை ஏத்தேல்லை. அது சத்தியம்."

"எனக்கேன் சத்தியம். நாளைக்கு அவள் அந்தக் கூண்டில ஏறப் போறாள். இப்பவும் அவளைத்தானே முன்னுக்கு இருத்தப் போறியள்?"

அவள் அதைக் கோபத்தில்தான் சொன்னாள். சொன்ன பிறகு மாவை அப்படியே விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று யாரும் ரொட்டி சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பரமட்டாவில் குளிர் காற்று. சடகோபன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விஜிதரன் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தான். ஆனால் உள்ளே வரப் பயந்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் பஸ் தரிப்பில் நின்றான். ஒரு றோசா பஸ் முதியவர்கள் சிலரை இறக்கிவிட்டுப் போனது. யோகராசா அது போய் மறையும்வரை பார்த்தார்.

"றோசா," என்றார் மகளிடம். "இப்பவும் அதே முகம்தான்."

"அப்பா, என்ன சொல்லப் போறியள்?"

"நீ பேசாமல் இரு பிள்ளை."

நீதிமன்ற அறையில் பார்வையாளர் இருக்கும் நீண்ட வாங்கில் முதலில் சடகோபன் போய் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கஜந்தி. ஓரத்தில் கமலேஸ்வரி. முன்வரிசையில் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு மேகன் இருந்தாள். சீருடையில் இல்லாததால் கமலேஸ்வரிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. காலைப் பார்த்துத்தான் அறிந்தாள். அவள் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தாள். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் தலை குனிந்தாள்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் கஜந்தியைக் கூப்பிடப்போவதாகச் சொன்னார். கஜந்தி எழுந்தாள். 

"நோ," என்றார் யோகராசா.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் தன் இடத்தில் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர், கொழும்புத் தமிழ் பேசும் வயதான மனிதர், அவருடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். யோகராசா உட்காரவில்லை. மோனிகா அவரருகே வந்து காதோடு ஏதோ கேட்டாள். அவர் ஓம் என்று தலையாட்டினார். அவள் கண்ணை மூடித் திறந்துவிட்டு, தன் கட்சிக்காரர் தானே சாட்சி சொல்ல விரும்புகிறார், அதன்பிறகு மகளின் சாட்சி தேவைப்படாது என்று நீதவானிடம் சொன்னாள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் சற்று யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கஜந்தி மறுபடி உட்கார்ந்தாள்.

அவர் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார். ஏன் லைட்டை அணைத்தீர்கள் என்று மோனிகா கேட்டாள். 

யோகராசா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"நான் லொறிச் சாரதி. தோட்டக் கூலி இல்லை. ஊரில நான் கன்ரர் ஓடினனான்."

"கன்ரர் என்றால்?" என்று மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இஞ்ச ஓடுற அதே கன்ரர்தான் ஐயா. அங்க வந்தது ஜப்பானில ஓடிக் கழிச்சது. என்ரது எண்பத்தஞ்சாம் ஆண்டு மொடல். சதுர லைட். அதுக்கு முந்தி உருண்டை லைட் வச்ச ஒண்டும் ஓடினனான். அதுக்குப் பிரேக் பிடியாது. எண்பத்தஞ்சு நல்ல வண்டி. ஓமந்தை தாண்டி வவுனியாவுக்கு ஓடினனான். இருட்டில ரோச் லைட் ஆடினால் ஹெட்லைட்டை அணைச்சு உள்லைட்டைப் போடோணும். போடாட்டி சுடுவாங்கள். முன்னுக்கு மூண்டு பேர் இருக்கலாம். நடுச் சீற்றில…"  அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை. "நடுச் சீற்றில என்ர பிள்ளையை இருத்தினனான். லைட் போட நான்தான் பழக்கினனான். அண்டைக்கு அவள் போட்டது நான் பழக்கினது. அந்தப் பொலிஸ் பிள்ளையின்ர கால் உடைஞ்சதுக்கு நான்தான் பொறுப்பு. என்ர பிள்ளை இல்லை."

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். மேகன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு யோகராசாவைப் பார்த்தாள். நீதவான் எழுதினார். எழுதும் சத்தம் கமலேஸ்வரிக்குக் கேட்டது. அந்தப் பேனா ஒவ்வொரு கோடு இழுக்கும்போதும் விமான நிலையத்தின் கதவு ஒன்று திறப்பது போல அவளுக்கு இருந்தது.

அவள் எழுந்தாள். "இஞ்சால தள்ளு," என்றாள் மகளிடம்.

"என்னம்மா?"

"நீ ஓரத்துக்கு வா எண்டுறன்."

கஜந்தியைத் தோளில் பிடித்து வாங்கின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கமலேஸ்வரி நடுவில் உட்கார்ந்தாள். சடகோபன் ஒன்றும் விளங்காமல் தன் கோட்டை ஒதுக்கி இடம் விட்டார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். உயரமான மனிதர். கேட்பதற்கு முன் மேசையில் இருந்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்தார். பிறகு கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கினார்.

"அந்த வாகனம் யாருடையது?"

யோகராசா வாங்கைப் பார்த்தார். நடுவில் மனைவி நிமிர்ந்து இருந்தாள். மகள் ஓரத்தில், யன்னல் பக்கமாக இருந்தாள்.

"முதல் கூட்டுறவுச் சங்கத்தின்ர," என்றார். "பிறகு…"

அவர் பிறகு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.